பயிருக்கு நுண்ணூட்டம் இடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) மூன்றும் போட்டாகிவிட்டது. தண்ணீருக்கும் குறைவில்லை. ஆனாலும் பயிர் வெளிறிப்போய் நிற்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பலரும் நுண்ணூட்டக் கலவைப் பாக்கெட்டைத் தேடிப் போகிறார்கள். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவையும் வாங்கிய பிறகு எழும் சந்தேகங்களும் இங்கே. சொல்லியிருக்கும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மண் பரிசோதனை வேறு சொன்னால் அதன்படியே போங்கள்.

நுண்ணூட்டம் என்று எவற்றைச் சொல்கிறோம்?

இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் என்று மொத்தம் எட்டு. நன்றாக வளர்ந்த செடியின் காய்ந்த இலை ஒரு கிலோவை எடுத்துச் சோதித்தால் அதில் தழைச்சத்து 15 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். இரும்பு 100 மில்லிகிராம் அளவில், மாங்கனீசு 50, துத்தநாகமும் போரானும் 20, தாமிரம் 6. மாலிப்டினம் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு இல்லையென்றால் காலிபிளவர் இலை சாட்டை மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சி நிற்கும்.

இந்தப் பட்டியல் ஒரே நாளில் வந்ததல்ல. போரான் அவசியம் என்பதை 1923-ல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காதரின் வாரிங்டன் அவரை இனச் செடிகளை வளர்த்துக் காட்டினார். குளோரின் 1954-ல் சேர்ந்தது, நிக்கல் 1987-ல். குளோரினும் நிக்கலும் வயலில் குறைவது மிக அரிது. ஆகவே நடைமுறையில் நீங்கள் கவலைப்பட வேண்டியவை ஆறுதான். அதிலும் பெரும்பாலும் துத்தநாகம், இரும்பு, போரான் மூன்றும்.

‘70 கனிமங்கள்’, ‘90 கனிமங்கள்’ என்று போட்டு விற்கிறார்களே?

செடிக்குக் கட்டாயம் தேவை என்று நிறுவப்பட்டவை மொத்தமே 17. காற்றிலும் நீரிலும் கிடைக்கும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்று, பேரூட்டங்கள் ஆறு (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கால்சியம், மக்னீசியம், கந்தகம்), மேலே சொன்ன எட்டு. இவை போக, சிலிக்கா நெல், கரும்பு போன்ற பயிர்களுக்கு நல்லது செய்யும். பயறுவகைச் செடியின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவுக்குக் கோபால்ட் வேண்டும். அவ்வளவுதான். 70 கனிமங்கள் அடங்கிய பையில் ஈயமும் ஆர்செனிக்கும் கூடத்தான் எண்ணிக்கையில் சேரும். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எந்தச் சத்து எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பையை வைத்துவிட்டு வரலாம்.

செலினியம், அயோடின் விஷயம் வேறு. செடிக்கு இவை தேவையில்லை, தின்னும் மனிதருக்கும் கால்நடைக்கும் தேவை. பின்லாந்தின் மண்ணில் செடிக்குக் கிடைக்கும் செலினியம் குறைவு என்பதால் 1984 முதல் அங்கே உரத்திலேயே அதைக் கலந்து வருகிறார்கள். விளைச்சல் கூடுவதற்காக அல்ல, சாப்பிடுகிறவர்களின் உடம்புக்காக.

வருடக்கணக்கில் பயிர் செய்ததால் மண்ணில் கனிமம் தீர்ந்துபோய்விட்டது என்கிறார்களே, உண்மையா?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 5 டன் தானியம் அறுக்கிறீர்கள். ஒரு கிலோ தானியத்தில் துத்தநாகம் ஏறக்குறைய 30 மில்லிகிராம். அப்படியானால் வயலை விட்டு வெளியேறியது 150 கிராம். அதே ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 20 லட்சம் கிலோ. கிலோவுக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம் என்று வைத்தால் அதில் இருப்பது 100 கிலோ. இரும்பைக் கணக்கிட்டால் சிரிப்புதான் வரும். மண்ணில் 3 சதவீதம் இரும்பு என்றால் 60 டன்!

அதாவது பெரும்பாலான வயல்களில் சரக்கு இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. பூட்டு எது என்று பார்க்காமல் உள்ளே இன்னும் சரக்கைக் கொட்டினால், கொட்டியதும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். நுண்ணூட்டத்தில் வீணாகும் பணத்தில் பெரும்பங்கு இப்படித்தான் போகிறது.

நிஜமாகவே காலியான மண்ணும் உண்டு. மழையில் அலசப்பட்ட மணல் நிலம், சதுப்பைத் திருத்தி எடுத்த கரி மண் இரண்டும் அந்த வகை. தெற்கு ஆஸ்திரேலியாவில் ‘தொண்ணூறு மைல் பாலைவனம்’ என்றே பெயர் பெற்ற பகுதி ஒன்று இருந்தது. மழை போதுமான அளவு பெய்தும் அங்கே மேய்ச்சல் புல் தேறவில்லை. குறை தாமிரமும் துத்தநாகமும்தான் என்று 1940-களில் கண்டுபிடித்து, ஹெக்டேருக்குச் சில கிலோ வீதம் அவற்றின் உப்புகளை இட்டதும் பாலைவனம் மேய்ச்சல் நிலமானது.

அந்தப் பூட்டு என்ன?

முதல் சந்தேகம் எப்போதும் மண்ணின் பிஎச் மீது, அதாவது கார அமில நிலை மீது. பிஎச் ஒரு அலகு ஏறினால் மண் நீரில் கரைந்திருக்கும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்; துத்தநாகம் நூற்றில் ஒரு பங்காகும். பிஎச் 6.5-ல் நன்றாக இருந்த செடி 8-ல் வெளுத்துப்போவதற்கு இதுவே காரணம். சுண்ணாம்பு நிறைந்த நிலங்களில் இரும்புக் குறை தீராத தலைவலியாக இருப்பதும் இதனால்தான். மாலிப்டினம் மட்டும் தலைகீழ். புளித்த மண்ணில், அதாவது அமில மண்ணில், அது கிடைக்காது. சுண்ணாம்பு போட்டால் தானாக வெளியே வரும்.

துருக்கியின் மத்திய அனடோலியப் பீடபூமியில் நடந்ததைக் கேளுங்கள். சுண்ணாம்பு மண், கார நிலை, வறட்சி, மக்கு குறைவு என நான்கும் ஒரே இடத்தில். கோதுமைக்கு வழக்கமான உரங்களை எவ்வளவு போட்டும் பயிர் எழவில்லை. 1990-களில் அங்கே செய்த ஆய்வுகள் துத்தநாகத்தைக் கைகாட்டின. அதை இட்டதும் விளைச்சல் கணிசமாகக் கூடியது. மண்ணில் மொத்தத் துத்தநாகத்துக்குப் பஞ்சமில்லை. செடிக்குக் கிடைப்பதற்குத்தான் பஞ்சம்.

அடுத்த பூட்டு மணிச்சத்து. ஆண்டுதோறும் யோசிக்காமல் மணிச்சத்து உரத்தைக் கொட்டும் நிலத்தில் துத்தநாகக் குறை தலைகாட்டும். வேருக்குத் துத்தநாகம் கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சையும் மணிச்சத்து மிகுந்தால் ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் நீர் தேங்குவது. தேங்கிய வயலில் இரும்பும் மாங்கனீசும் தாராளமாகக் கரையும், துத்தநாகம் சுருங்கும். நெல்லில் துத்தநாகக் குறை இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இலையைப் பார்த்தே எந்தச் சத்துக் குறை என்று சொல்ல முடியுமா?

பாதி தூரம் போகலாம். முதலில் பார்க்க வேண்டியது, மாற்றம் புது இலையிலா, பழைய இலையிலா என்பது. தழைச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் மூன்றும் செடிக்குள் இடம் மாறும். குறைந்தால் கீழ் இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் கீழ் இலை முதலில் மஞ்சளாகும். இரும்பு, மாங்கனீசு, தாமிரம், போரான் அப்படி எளிதில் நகராது. குறை குருத்தில் தெரியும்.

இரும்புக் குறையில் இளம் இலை முழுக்க மஞ்சளாகி, நரம்பு மட்டும் மெல்லிய பச்சைக் கோடாக வலை பின்னியது போல நிற்கும். முற்றினால் இலையே வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். மாங்கனீசிலும் நரம்பிடை மஞ்சள்தான், ஆனால் நரம்பை ஒட்டிப் பச்சை அகலமாக இருக்கும், விளிம்பு அவ்வளவு கூர்மையாக இருக்காது. துத்தநாகம் குறைந்தால் கணுவிடை குறுகும், இலை சிறுக்கும். பழமரங்களில் கிளை நுனியில் குட்டி இலைகள் கொத்தாகத் தெரியும். மக்காச்சோளத்தில் இளம் இலையின் அடிப்பாகத்தில் நடுநரம்புக்கு இருபுறமும் வெளிறிய பட்டை ஓடும். போரான் குறைந்தால் குருத்தே கருகும். காலிபிளவர் தண்டு உள்ளே கூடாகிப் பழுப்பேறும். பூ பிடித்தும் காய் நிற்காது. தாமிரக் குறையில் தானியப் பயிரின் இலை நுனி வெளுத்துச் சுருளும், கதிரில் மணி பிடிக்காது. மாலிப்டினக் குறையுள்ள பயறுச் செடி தழைச்சத்து இல்லாதது போலவே மொத்தமாக வெளிறும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு அது வேண்டும் என்பதால் அந்த ஒற்றுமை.

மீதிப் பாதி தூரம்தான் சிக்கல். வேரில் நூற்புழு, நீர் தேங்கி வேர் அழுகல், வைரஸ், பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லியின் சாரல் எல்லாமே இதே மஞ்சளைக் காட்டும். எதிர்த்திசையிலும் ஏமாறலாம். இமயமலை அடிவாரத் தராய் நிலங்களில் நெல் இலையில் துருப்பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் குன்றிப்போகும் ‘கைரா’ நோய் நோயே அல்ல, துத்தநாகக் குறை என்று 1966-ல் பயிர்நோய் ஆய்வாளர் ஒய்.எல்.நெனே காட்டினார். ஆகவே மருந்தோ சத்தோ, எதை வாங்குவதற்கு முன்பும் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, முடிச்சில்லாமல், நல்ல வாசத்தோடு இருந்தால் மட்டும் சத்துக் குறையை நினையுங்கள்.

செலவில்லாமல் உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

உண்டு, இலையில் தடவிப் பார்ப்பது. இதை ஏன் அதிகம் பேர் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

அரை லிட்டர் தண்ணீரில் அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், 2.5 கிராம் கரையுங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் இலையில் ஒட்டும். மஞ்சளான இளம் இலை நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, நடுநரம்புக்கு ஒரு புறம் மட்டும் பஞ்சாலோ சிறு தூரிகையாலோ தடவுங்கள். மறுபுறத்தைத் தொடாதீர்கள். காம்பில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். வேறு சில இலைகளில் இதே போல மாங்கனீசு சல்பேட், இன்னும் சிலவற்றில் துத்தநாக சல்பேட். வெயில் தாழ்ந்த பிறகு செய்வது நல்லது. ஒரு வாரம் பத்து நாளில் ஏதாவது ஒன்றில் தடவிய பாதி பச்சையாகி, தடவாத பாதி மஞ்சளாகவே நின்றால் விடை கிடைத்துவிட்டது. இரும்புக்கு இது மிக நன்றாக வேலை செய்யும், சில நாளிலேயே பச்சைப் புள்ளிகள் தோன்றும். துத்தநாகத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். போரானுக்கு இந்த வழி உதவாது.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வழக்கமான பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு நிலை, மூன்று பேரூட்டங்கள் மட்டுமே பார்ப்பார்கள். நுண்ணூட்டமும் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் பாத்திரத்தில் கவனம் தேவை. துத்தநாகப் பூச்சு பூசிய இரும்பு வாளியில் மண்ணைக் கலந்தால் முடிவில் துத்தநாகம் அமோகமாக இருக்கும். அது வாளியின் துத்தநாகம். பிளாஸ்டிக் வாளி, துருப்பிடிக்காத எஃகு அல்லது மரக் கரண்டி போதும். ஆங்கில ‘வி’ வடிவக் குழி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் செதுக்குங்கள். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, அதில் அரை கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். எருக்குழி ஓரம், வரப்பு, மரத்தடி வேண்டாம். பயிர் மோசமாக இருக்கும் திட்டிலிருந்து ஒன்று, நன்றாக இருக்கும் திட்டிலிருந்து ஒன்று என இரண்டு மாதிரி அனுப்பினால் ஒப்பிட வசதி.

அறிக்கையில் டிடிபிஏ முறை என்று இருக்கும். மண்ணில் செடிக்குக் கிடைக்கக்கூடிய உலோகச் சத்தை டிடிபிஏ என்ற வேதிப்பொருளால் கரைத்தெடுத்து அளப்பது அது. லிண்ட்சே, நார்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-ல் வெளியிட்ட முறை. சுண்ணாம்பு மண்ணையும் நடுநிலை மண்ணையும் மனதில் வைத்து உருவாக்கியது. அந்த முறையில் துத்தநாகம் 0.6 முதல் 0.8 பிபிஎம் (ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம்), இரும்பு 4.5, மாங்கனீசு 1 முதல் 2, தாமிரம் 0.2 என்ற அளவுக்குக் கீழே போனால் குறை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். போரானை வெந்நீரில் கரைத்துப் பார்ப்பார்கள், 0.5 பிபிஎம்முக்குக் கீழ் என்றால் குறைவு. ஒரு எச்சரிக்கை: இரும்பு எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அறிக்கையில் நன்றாக இருக்கும், செடி வெளுத்து நிற்கும். இரும்புக்கு இலைதான் சாட்சி.

துத்தநாகம் எவ்வளவு போடுவது?

ஏழு மூலக்கூறு நீர் கொண்ட துத்தநாக சல்பேட்டில் துத்தநாகம் 21 சதவீதம், ஒரு மூலக்கூறு நீர் கொண்டதில் 33. பையில் எது என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றுக்குச் சொன்ன அளவை இன்னொன்றுக்குப் போட்டுவிடக் கூடாது. குறை உறுதியானால் 21 சதவீத உப்பு ஹெக்டேருக்கு 25 கிலோ. அதில் 5 கிலோவுக்குச் சற்று கூடுதலாகத் துத்தநாகம் கிடைக்கிறது. ஒரு அறுவடையில் வெளியேறுவது 150 கிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். எனவே ஒவ்வொரு போகத்துக்கும் போட வேண்டியதில்லை, இரண்டு மூன்று பயிருக்கு ஒரு முறை போதும். களர் நிலத்தில் இன்னும் கூடுதல் தேவைப்படலாம்.

உலர்ந்த மணலோடு கலந்து கடைசி உழவில் தூவுங்கள். மணிச்சத்து உரத்தோடு கலந்து வைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கரையாத துத்தநாக பாஸ்பேட் ஆகிவிடும். ஒன்றைப் போட்டு உழுதபின் மற்றதைப் போடுங்கள். நெல்லில் இன்னொரு சிக்கன வழி உண்டு. துத்தநாக ஆக்சைடு 2 சதவீதக் குழம்பில் நாற்றின் வேரை நனைத்து நடலாம். பயிர் நிற்கும்போது குறை தெரிந்தால் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், அதன் புளிப்பு இலையைக் கருக்காமல் இருக்க 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பின் தெளிந்த நீர், இரண்டையும் சேர்த்துத் தெளிக்கலாம்.

இரும்புக்கு அன்னபேதியை மண்ணிலேயே போடலாமா?

சுண்ணாம்பு மண்ணில் போட்டால் பெரும்பாலும் வீண். காற்றுப் பட்டதும் துருவாக மாறிச் செடிக்கு எட்டாத நிலைக்குப் போய்விடும். வேறு மூன்று வழிகள் இருக்கின்றன. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து இலையில் தெளிப்பது முதலாவது. தெளித்த இலையில் ஏறிய இரும்பு அடுத்து வரும் இலைக்குப் போகாது, அதனால் 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கும். நன்கு மக்கிய தொழு உரத்தில் அன்னபேதியைக் கலந்து, ஈரம் காட்டி ஒரு மாதம் மூடி வைத்து, பிறகு வேரருகே இடுவது இரண்டாவது. மக்கில் உள்ள கரிமப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு துருவாகாமல் காக்கும். மூன்றாவது செலேட், அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

நான்காவதாக, உரமே இல்லாத வழி ஒன்றையும் சொல்லலாம். புல் இனப் பயிர்கள் இரும்பு போதாதபோது வேரிலிருந்து ஒரு பொருளைச் சுரந்து மண்ணில் உள்ள இரும்பைக் கரைத்து எடுக்கும். சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் தனியாகப் போட்ட நிலக்கடலை வெளுத்தது. மக்காச்சோளத்தோடு ஊடுபயிராகப் போட்டபோது பச்சையாக நின்றது. இரும்புக் குறையைத் தாங்கும் ரகம் கிடைத்தால் அதுவும் நல்ல முதலீடு. ஆண்டுதோறும் தெளிப்பானைத் தூக்கும் வேலை மிச்சம்.

வீட்டுத் தோட்டத்தில் போரான் போடுவது ஆபத்தா?

கைக்கணக்கில் போட்டால் ஆபத்து. போதாமைக்கும் நஞ்சுக்கும் இடையே இருக்கும் இடைவெளி மற்ற எல்லாச் சத்துகளையும்விட போரானுக்குக் குறுகியது. வெண்காரத்தில், அதாவது போராக்ஸில், போரான் 11 சதவீதம். வயலுக்கு ஹெக்டேருக்கு 5 முதல் 10 கிலோ என்பார்கள். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு அரை கிராம் முதல் 1 கிராம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி வெண்காரம் 4 கிராம் சொச்சம் வரும். இரண்டு மீட்டருக்கு நான்கு மீட்டர் உள்ள பாத்திக்கு அந்த ஒரு கரண்டியே போதும், முழுப் பாத்திக்கும் சேர்த்து! கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, பூவாளித் தண்ணீரில் ஊற்றிச் சீராகத் தெளியுங்கள். ஒரே செடியின் அடியில் ஒரு சிட்டிகை வைப்பது அந்தச் செடியைக் கொல்வதற்குச் சமம்.

மிகுந்தால் பழைய இலையின் விளிம்பு காய்ந்து கருகும். பீன்ஸ், எலுமிச்சை இனம் இரண்டும் சீக்கிரம் பாதிக்கும். கிணற்று நீரிலேயே போரான் உள்ள இடங்களும் உண்டு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டும் நீர் பாயும் நிலத்தில் இதைத் தொடவே வேண்டாம். மணல் நிலத்தில் மழையோடு இறங்கிப் போய்விடும், அங்கே சிறிது சிறிதாக இட வேண்டும். பூப்பதற்கு முன் போரிக் அமிலம் லிட்டருக்கு 1 கிராம் வீதம் தெளிப்பது பாதுகாப்பான வழி. வெண்காரம் பார்க்க உப்பு போலவே இருக்கும் என்பதால் டப்பாவில் பெயர் எழுதிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மற்ற மூன்றும்?

மாங்கனீசுக்கு லிட்டருக்கு 5 கிராம் சல்பேட் தெளிப்பே சிறந்தது. மண்ணில் இட்டால் கார நிலத்தில் நிற்காது. தாமிரத்துக்கு மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட், ஹெக்டேருக்கு 5 முதல் 10 கிலோ, அதுவும் கரி மண்ணாக இருந்து குறை உறுதியானால் மட்டும். ஒரு முறை போட்டால் பல ஆண்டு இருக்கும். மாலிப்டினத்துக்குச் சோடியம் மாலிப்டேட் ஹெக்டேருக்குச் சில நூறு கிராம். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மேய்ச்சல் நிலத்தில் மாலிப்டினத்தை மிகுதியாகப் போட்டால் மாட்டுக்குத் தாமிரக் குறை வரும், ஜாக்கிரதை.

செலேட் வாங்குவது தேவையா?

உலோகத்தை ஒரு கரிமப் பொருள் நண்டுப்பிடியாகப் பிடித்து வைத்திருப்பதுதான் செலேட். பிடி எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஈடிடிஏ பிடித்த இரும்பு பிஎச் 6.5 வரை தாங்கும். அதற்கு மேல் கால்சியம் வந்து இரும்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். டிடிபிஏ 7.5 வரை. ஈடிடிஎச்ஏ 9 வரை. கரைத்தால் அடர் சிவப்பாக இருக்கும். ஆக, பிஎச் 8 உள்ள மண்ணில் ஈடிடிஏ இரும்பை ஊற்றுவது காசை ஊற்றுவது போலத்தான். அதையே இலையில் தெளிப்பதற்குப் பயன்படுத்தினால் தவறில்லை. துத்தநாகத்துக்குச் சாதாரண சல்பேட்டே பெரும்பாலும் போதும். சொட்டுநீர்க் குழாய் வழியே மணிச்சத்தோடு கொடுக்கும்போதுதான் செலேட் கைகொடுக்கும்.

பாறைத் தூள், கடல் உப்பு, கடற்பாசி, சாம்பல்?

பாறைத் தூளில் கனிமம் இருப்பது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. எரிமலைக் கருங்கல்லான பசால்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு டன்னில் துத்தநாகம் சுமார் 100 கிராம். 25 கிலோ துத்தநாக சல்பேட்டில் கிடைக்கும் 5 கிலோவை எட்ட 50 டன் தூள் வேண்டும். அதுவும் அத்தனையும் உடனே கரைந்தால்! கரைவதோ பல ஆண்டுகளில், மெதுவாக. போரான் டன்னுக்குச் சில கிராம்தான். அமில மண்ணில், மழை அதிகமுள்ள இடத்தில், அருகில் சும்மா கிடைக்கிறது என்றால் டன் கணக்கில் போடலாம். கால்சியம், மக்னீசியம், சிலிக்கா கிடைக்கும், புளிப்பும் குறையும். செடிக்குக் கைப்பிடி வைப்பதில் ஒன்றும் இல்லை.

கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதில் 85 சதவீதம் சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே சோடியமும் குளோரைடும். போரான் 4.5 மில்லிகிராம் உண்டு. துத்தநாகமும் இரும்பும் மைக்ரோகிராம் கணக்கு, சில இடங்களில் அதுவும் இல்லை. நிலத்தை உவராக்கும் அளவுக்கு ஊற்றினாலும் செடிக்கு வேண்டிய துத்தநாகம் சேராது.

கடற்பாசிச் சாறு வேரை ஊக்குவதாகப் பலர் சொல்வதில் பொருள் இருக்கிறது, ஆனால் அது பாசியில் உள்ள வளர்ச்சிப் பொருட்களால். கனிமத்துக்காக வாங்க வேண்டாம். மரச் சாம்பல் அமில மண்ணுக்கு நல்லது. கார மண்ணில் போட்டால் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு.

தொழு உரமும் மக்கும் போட்டால் நுண்ணூட்டமே வாங்க வேண்டாமா?

பல நிலங்களில் ஆமாம். ஒழுங்காக எரு போட்டு வந்த நிலத்தில் இந்தக் குறைகள் அரிதாகவே தெரியும். எருவில் சத்து இருப்பதோடு, அது மண்ணில் ஏற்கெனவே உள்ளதையும் பிடித்துக் கரையும் நிலையில் வைக்கிறது. ஆனால் மண்ணிலேயே இல்லாத சத்து அந்த மண்ணில் விளைந்த வைக்கோலிலும் இருக்காது. அந்த வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணத்திலும் இருக்காது. அப்படிப்பட்ட நிலத்துக்கு வெளியிலிருந்து ஒரு முறையாவது கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. பன்றி, கோழித் தீவனங்களில் தாமிரமும் துத்தநாகமும் சேர்ப்பதால் அந்த எருவில் அவை ஏராளமாக இருக்கும். வருடா வருடம் அதைப் போடுகிறவர்கள் இவை இரண்டையும் தனியே வாங்கத் தேவையில்லை.

அதிகமானால் என்ன? கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதுதானே?

தழைச்சத்து கூடினால் கழுவிக்கொண்டு போகும். தாமிரம் போகாது. திராட்சைத் தோட்டங்களில் 1880-களிலிருந்து போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) அடித்து வந்ததில் மேல்மண்ணில் தாமிரம் சேர்ந்து மண்புழுவையும் நுண்ணுயிரையும் பாதிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு மொத்தம் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் தாமிரம் கூடாது என்று வரம்பு வைத்தது. நீங்கள் ஏற்கெனவே தாமிரப் பூஞ்சைக்கொல்லி அடிக்கிறீர்கள் என்றால் நுண்ணூட்டக் கலவையில் தாமிரம் தேவையில்லை. மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி அடிக்கிறவர்களுக்கு மாங்கனீசும் துத்தநாகமும் ஓரளவு அதிலேயே போய்ச் சேருகின்றன. ஒன்று கூடினால் இன்னொன்று குறைவதும் நடக்கும்: துத்தநாகமும் தாமிரமும் வேரில் நுழைய ஒன்றோடொன்று முட்டிக்கொள்பவை.

எல்லாவற்றையும் ஒரே தெளிப்பானில் கலக்கலாமா?

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். கலங்கினாலோ அடியில் படிந்தாலோ வேண்டாம். மணிச்சத்து கரைசலோடு எந்த சல்பேட்டும் சேராது. வெயில் உச்சியில் அடித்தால் இலை கருகும், மாலையே நல்லது. புதிய கலவையை முதலில் இரண்டு செடியில் அடித்து இரண்டு நாள் பாருங்கள்.

தொட்டிச் செடிகளுக்கு?

தென்னை நார்க்கழிவு போன்ற ஊடகத்தில் மண்ணே இல்லை என்பதால் அங்கே பூட்டு கதை பாதிதான் பொருந்தும், சரக்கும் குறைவு. நுண்ணூட்டம் கலந்த கரையும் உரத்தைக் குறைந்த அளவில் அவ்வப்போது கொடுப்பது நல்லது. மண் கலந்த தொட்டியில் கால் பங்கு மக்கு இருந்தால் போதும். தொட்டிச் செடி வெளுக்கிறது என்றால் பெரும்பாலும் ஊற்றும் கடின நீரால் பிஎச் ஏறியிருக்கும். சிறிது நாள் மழைநீர் ஊற்றிப் பாருங்கள்.

போட்டது வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பட்டையை விட்டுவிடுங்கள். வயலின் நடுவில் நாலைந்து சால் அகலத்துக்கு நுண்ணூட்டம் போடாமல், மற்ற எல்லாம் ஒரே மாதிரி. இரு முனையிலும் குச்சி நட்டு வைத்து, அறுவடையில் அந்தப் பட்டையையும் பக்கத்துப் பட்டையையும் தனித்தனியே எடை போடுங்கள். பச்சை கூடியது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கலவையில் யூரியா சேர்த்திருந்தாலும் பச்சை கூடும். வித்தியாசமே இல்லை என்றால் அடுத்த முறை அந்தச் செலவு மிச்சம். அந்த விடைக்காகவும்தான் பட்டை.

வாங்கி வைத்த அன்னபேதி பழுப்பாகிவிட்டது. பயன்படுத்தலாமா?

வெளிர்பச்சைப் படிகமாக இருக்கும் வரைதான் அது சரியான சரக்கு. மேலே லேசாக மஞ்சள் பூத்திருந்தால் சுரண்டிவிட்டு உள்ளே உள்ளதை எடுக்கலாம். முழுக்கப் பழுப்புத் தூளாகிவிட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, இலையில் அடிக்க ஆகாது. அடுத்த முறை சிறு பையாக வாங்கி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கரைத்த கரைசலையும் அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் அடியில் துரு படிந்திருக்கும்.